பூவாடைக்காரியின் உபகாரச் சம்பளம்

நான் கெமிஸ்ட்ரி படித்தது செத்துப்போன ஒரு பெண்ணின் செலவில்.

இதைச் சொல்லும்போதெல்லாம் யாரோ ஒரு மகராசி உயில் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவள் எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கிற வயதும் இல்லை. திருப்பதியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவளுக்கு ஹாஸ்டலில் விஷக்காய்ச்சல் கண்டது. சித்தூருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நினைவு தப்பிவிட்டது. அவள் அப்பாவுக்கு வெல்ல மண்டி. மண்டிக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டுக் கூடத்தில், ஊரெல்லாம் இனிக்கிற வாசனைக்கு நடுவில் அவள் மூச்சு நின்றது.

கல்யாணம் ஆகாமல் போனவள். எங்கள் பக்கத்தில் அப்படிப் போகிற பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. பூவாடைக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறாள். அவளுக்கென்று ஒரு மூங்கில் பெட்டி. அதில் புதுப் புடவை, ரவிக்கைத் துணி, வளையல், சீப்பு, மஞ்சள், குங்குமம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடி வெள்ளியில் படையல் போடுவார்கள். அன்றைக்குப் புதிய புடவை ஒன்று பெட்டிக்குள் போகும். போன வருஷத்துப் புடவை வெளியே வரும். வெளியே வந்ததை அந்த வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். இவள் கட்டிக்கொண்டால் அவள் கட்டிக்கொண்ட மாதிரி.

அந்த வீட்டில் வேறு பெண் இல்லை. அவளுக்கு ஒரு தம்பி மட்டும். பங்காளிகள் வீட்டுப் பெண்களைக் கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. என் மகள் படித்த படிப்பைப் படிக்கிறவள்தான் என் மகள் புடவையைக் கட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதமாக நின்றார்களாம். சித்தூர் ஜில்லாவில் பிறந்து, கெமிஸ்ட்ரி எடுத்துப் படிக்கிற பெண். அவளுக்கு ஹாஸ்டல், காலேஜ் சம்பளம், புத்தகம் எல்லாம் மண்டியிலிருந்து. இப்படி, ஒரு புடவைக்கு ஆள் தேடப்போய் உண்டானது அந்த உபகாரச் சம்பளம்.

எனக்கு முன்னால் அதை வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒருத்தி பாதியில் கல்யாணமாகிப் போனாள். ஒருத்தி பயந்துபோய் வேண்டாமென்று எழுதிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டார்கள். நான் பயப்படுகிற நிலைமையில் இல்லை. என் நைனா நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் கடலை விதைத்துப் பிழைத்தவர். என்னைப் பட்டணத்துப் படிப்புவரை கொண்டுவந்ததே அவர் சக்திக்கு மேற்பட்டது. அந்தச் சம்பளம் கிடைத்தால் திருப்பதி, இல்லாவிட்டால் அத்தை மகன்.

முதல் தடவை சித்தூர் வீட்டுக்கு நைனாவோடு போனபோது ஆடி மழை தூறிக்கொண்டிருந்தது. யாரும் என் மார்க்கைக் கேட்கவில்லை. அம்மாள் என்னைக் கூடத்து ஓரத்தில் உட்காரவைத்தார்கள். கிழக்குச் சுவரை ஒட்டிப் படையல். துள்ளுமாவு, கொழுக்கட்டை, பொரி, அவளுக்குப் பிடித்தது என்று பஸ் ஸ்டாண்டு ஓட்டல் மசால் வடை. வளையல்களுக்கு நடுவில் ஒரு சோதனைக் குழாய் சாய்ந்து நின்றது. அவள் பெட்டியிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. அது எதற்கான சாமான் என்று தெரியாமல் அதில் குங்குமம் நிரப்பி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ சறுக்கியது. கண்ணாடிக் குழாயில் சிவப்பு. அதை எத்தனை லேபுகளில் எத்தனை விதமாகப் பார்த்திருப்பேன் அதற்கப்புறம். ஒவ்வொரு தடவையும் முதலில் குங்குமம் என்றுதான் மனசு படிக்கும்.

பிறகு பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளரளி மொட்டு ஒன்று, செவ்வரளி மொட்டு ஒன்று. மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் தனித்தனியாக முடிந்து விளக்கின் முன்னால் வைத்தார்கள். எது எதில் இருக்கிறது என்று தெரியாத தம்பி வந்து ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தால் அவள் ஒத்துக்கொள்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாமென்கிறாள். எனக்கு வெள்ளை வந்தது. அம்மாள் பெட்டியைத் திறந்து மாம்பழ நிறப் புடவையை எடுத்து என் கையில் போட்டார்கள். ஒரு வருஷம் மூடிக் கிடந்த துணிக்குக் கற்பூரமும் மூங்கிலும் கலந்த ஒரு வாசனை. ‘கட்டிக்கினு வா, பாப்பா’ என்றார்கள். உள்ளறையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அடுப்பில் எதுவோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒவ்வொரு வருஷமும் மறுபடி கேட்பார்கள். அதுதான் ஏற்பாடு.

திருப்பதியில் அந்தப் புடவையை நான் லேபுக்குத்தான் கட்டினேன். அம்மாளின் கட்டளை அது. ஹாஸ்டலில் என்னோடு இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. காலையில் நான் கொசுவம் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஒருத்தி சோப்புப் பெட்டியோடு வாசலில் நின்று கேட்பாள்: ‘இன்னிக்கு நீ போறியா, அவ போறாளா?’ அவ போறா, நீ வேணும்னா அவளோட வா என்று நானும் பதில் கொடுப்பேன். சிரிப்போம். சிரித்துவிட்டு லேபுக்குள் நுழைந்தால் சிரிப்பு வாசலோடு நின்றுவிடும்.

லேபில் ஜன்னலை ஒட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம். உபகாரச் சம்பளக்காரப் பெண்ணை அட்டெண்டர் அங்கேதான் நிறுத்துவார். அவள் நின்ற இடம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் மாம்பழப் புடவையில் நான் போய் நின்றபோது, அந்த மனிதர் கையிலிருந்த ஸ்பிரிட் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் வந்துவிட்டீர்களா அம்மா என்று தெலுங்கில் கேட்டார். நான் புதிது என்றேன். ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் பேசினதே இல்லை. பிப்பெட்டை நீட்டும்போதுகூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் நீட்டுவார்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்று பெயர் தெரியாத உப்பு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாளாம். பாதியில் தலை சுற்றுகிறது என்று போனவள் திரும்பி வரவில்லை. அது என்ன உப்பு என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது ஒரு பிடுங்கலாகிவிட்டது. என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு பொட்டலத்து வெள்ளைத் தூளும் அவளுடைய மிச்சம் மாதிரி தோன்றும். சுடரில் காட்டுவேன், பச்சை எழும், செங்கல் நிறம் எழும், ஊதா எழுந்து அடங்கும். அழுகின முட்டை வாடை அடிக்கிற அந்த வாயுவை அனுப்பினால் குழாயில் கறுப்பாக இறங்கும். விடையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வேப்பமரத்து நிழலில், யாரோ எனக்கு முன்னால் எழுந்துபோன இடத்தில் உட்கார்கிற மாதிரி கல் சூடாக இருக்கும். வெயில் பட்ட கல் சூடாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வேறு கல்லைத் தேடிப் போவேன்.

அமிலம் தெறிக்காமல் யாரும் கெமிஸ்ட்ரி படிக்க முடியாது. புடவையில் ஓட்டைகள் விழுந்தன. அடுத்த ஆடிக்குப் போகும்போது கட்டிக் கிழிந்த புடவையைக் கொண்டுபோக வேண்டும். வாங்கி என்ன சொல்வார்களோ என்று நான் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். அம்மாள் அதைக் கூடத்தில் விரித்தார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தடவிக்கொண்டே போனார்கள். இது என்னத்தால் ஆனது என்று கேட்டார்கள். கந்தக அமிலம் என்றேன். இந்த மஞ்சள் கறை? நைட்ரிக். இது? பர்னரில் பட்டுக் கருகினது. கேட்டுக் கேட்டு முந்தானைவரை வந்து, நிமிர்ந்து, வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்கள்: ‘நல்லா படிச்சிக்கினு கீறா.’

யாரைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷமும் வெள்ளை வந்தது. கிளிப்பச்சைப் புடவை.

அதற்கடுத்த வருஷம்தான் எல்லையைப் பிரித்தார்கள்.

பேச்சு நெடுநாளாக நடந்துகொண்டிருந்தது. ஆந்திரா தனி ராஜ்யம் ஆன நாளிலிருந்தே எங்கள் பக்கத்தில் எந்த ஊர் எவருக்கு என்று டீக்கடையில் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையில் தமிழைத் தார் பூசி அழிப்பார்கள். காலையில் பார்த்தால் தெலுங்கின் மேல் தார் இருக்கும். ஒருவழியாகக் கல் நட்டு முடித்தபோது எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போயிற்று. எங்கள் வீடும் போயிற்று. கடலைக் கொல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நைனா தினமும் ஒரு ராஜ்யத்தில் எழுந்து இன்னொரு ராஜ்யத்தில் களை பறித்துவிட்டு மத்தியானக் கஞ்சிக்குத் திரும்பி வந்தார். ஹாஸ்டலில் கேலி தாங்க முடியவில்லை. மெட்ராஸ்காரி சோறு துன்னக்கூட எங்க ஊருக்கு வந்துக்கினு கீறா என்றாள் அந்தச் சோப்புப் பெட்டிக்காரி. அவள் புத்தூர். அவள் ஊர் இங்கேயே இருந்துவிட்ட தைரியம்.

எனக்குக் கடைசி வருஷம் பாக்கி. சித்தூர் ஜில்லாவில் பிறந்த பெண் என்பதுதான் சம்பளத்தின் நிபந்தனை. நான் பிறந்த ஊர் இப்போது சித்தூர் ஜில்லாவில் இல்லை. பிறந்தபோது இருந்ததே என்றால், அதை யார் முடிவு செய்வது? பலமனேரிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், அவளும் கெமிஸ்ட்ரி, அவளுடைய ஊர் ஜில்லாவுக்குள் பத்திரமாக இருக்கிறது, மண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு முன்கூட்டியே செய்தி வந்துவிட்டது.

பஸ்ஸில் நைனா ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார். சித்தூர் நெருங்கும்போது, ரொம்ப மெதுவாக, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

‘பூ வெள்ளையா வந்தா திருப்பதி. செவப்பா வந்தா தை மாசம் கல்யாணம். வேற இன்னா பண்ண முடியும் என்னால, நீயே சொல்லு.’

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பலமனேர்ப் பெண் தன் அம்மாவோடு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான பெண், காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து இடம் விட்டாள். அந்த வீட்டுக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. மண்டிக்காரர் நேர்மையான மனிதர். யாரிடமும் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. நிபந்தனை என்று ஒன்று சொல்லியாயிற்று, அதை நானே மீறினால் ஊர் சிரிக்கும் என்றார். ஆனால் கொடுக்கிறவன் நான் இல்லை, அவள். அவளிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாகச் சொன்னார். அவர் மனசு நிபந்தனைப் பக்கம் சாய்ந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

அம்மாளுக்கு என்னை விட்டுவிட மனசில்லை. ஆனால் மகளை மீறி அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. படையல் முடிகிறவரை பட்டினி. பட்டினிக்குத் துணையாக வெற்றிலையை மாற்றி மாற்றி மென்றுகொண்டு, வாய் சிவக்க, அவர்களே மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்தார்கள். அவர்களே மொட்டை வைத்து முடிந்தார்கள். தம்பி மண்டியிலிருந்து வந்து, கால் கழுவி, விளக்கைக் கும்பிட்டு, இடது பக்கத்து முடிச்சை எடுத்தார்.

அவிழ்த்தபோது வெள்ளரளி. அதே நொடியில் மண்டிக்காரர் குனிந்து அதைக் கையில் எடுத்தார்.

மொட்டின் ஒரு பக்கம் வெளுப்பு. மறுபக்கத்தில், காம்பிலிருந்து நுனிவரை, சிவப்பாக ஒழுகியிருந்தது. சுற்றியிருந்த துணியிலும் அந்த இடத்தில் ஒரு சிவந்த திட்டு. ரத்தம் ஊறிக் காய்கிற நிறம்.

‘வெள்ளையில செவப்பு உழுந்துக்குது’ என்றார்.

‘வெள்ளைதான் வந்துக்குது’ என்றார்கள் அம்மாள்.

‘வெள்ளையா வந்து, அப்பால செவந்துக்குது. மொதல்ல சரின்னுட்டு அப்பால வாணாங்கறா. அந்தப் பக்கம் பூட்ட ஊரு வாணாங்கறா.’

மறுபடி கட்டிப் பார்க்கலாமே என்றார் தம்பி. ஒரு தரம் கேட்டதைத் திருப்பிக் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும் என்று அம்மாள் அதட்டினார்கள். நைனா கதவோரமாக நின்று தோள் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கிளம்புவதற்கு முன் அவர் எப்போதும் செய்கிற காரியம் அது. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது.

‘அம்மா, உங்க கையைக் காட்டுங்க.’

புரியாமல் நீட்டினார்கள். கட்டைவிரல் நகத்தோரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

‘மஞ்சத்துணியில சுண்ணாம்பு பட்டுக்குது. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும். ஆலத்தி கரைச்சா செவக்குதே, அதேதான். இது அவங்க செவப்பு இல்ல. உங்க விரல்ல இருந்தது.’

வாரத்துக்கு ஒரு தடவை யாருக்காவது ஆலத்தி சுற்றுகிற வீடு அது. தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சிவக்கவைக்கிற கை அந்த அம்மாளுடையது. ஆனாலும் அந்தக் கூடத்தில், அந்த விளக்கின் முன்னால், அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அங்கே சிவப்பு என்றால் அவள் பேச்சு.

மண்டிக்காரர் மொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்வது சுலபம், காட்ட முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் ஏளனம் இல்லை. படையலில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பல்லால் கடித்து, சிவந்த இடத்தின் மேல் பிழிந்தேன். சிவப்பு கலங்கி, பின்வாங்கி, மஞ்சளாகி நின்றது. மொட்டிலும் துணியிலும்.

அவர் என்னை விட்டுவிட்டு மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்குப் பின்னால் அம்மாள் உட்கார்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் இருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘கடைசி லீவுக்கு வந்தா இல்ல’ என்றார்கள். வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. ‘பெரியவரு மருமக மாசமா வந்தாளே, ஆலத்தி கரைச்சி வெச்சேன். இவ வந்து எலுமிச்சம்பழத்தைக் கடிச்சி உட்டு, பாரும்மா பாரும்மா, மஞ்சளாப் பூட்ச்சின்னு சிரிக்கிறா. நல்ல காரியத்துல இன்னா வெளையாட்டுன்னு முதுவுல போட்டேன். அதான் நான் அவளைக் கடைசியா அடிச்சது.’

அம்மாள் தலை நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்கள்.

‘கேட்டுக்கினு கீறீங்களே, பூவைப் போய்’ என்றார்கள். ‘அவளே வந்து நிக்கிறா.’

எனக்கு அந்தக் கதை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மஞ்சள் ஒரு நிறங்காட்டி என்று பாடத்தில் படித்திருந்தேன். காரத்தில் சிவக்கும், அமிலத்தில் திரும்பும். கெமிஸ்ட்ரி படித்த எந்தப் பெண்ணும் அதைச் செய்திருப்பாள். இத்தனை வருஷமாக எனக்கு நானே இதைச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பழத்தை அறுக்கக் கத்தி கேட்காமல் ஏன் கடித்தேன்? அதுவரை நான் எந்தப் பழத்தையும் அப்படிக் கடித்ததாக ஞாபகம் இல்லை. பல் கூசியது இன்னும் கூசுகிறது.

மண்டிக்காரர் எழுந்துபோய்த் தானே மூங்கில் பெட்டியைத் திறந்தார். அரக்கு நிறப் புடவையை எடுத்து, மனைவியிடம் கொடுக்காமல், நேரே என்னிடம் நீட்டினார். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

பலமனேர்ப் பெண்ணுக்கும் அவர் மண்டியிலிருந்தே படிப்புச் செலவு கொடுத்தார். நிபந்தனைப்படி அவள்தானே சரியானவள். ஆனால் புடவை கிடையாது. ஆடிக்கு வர வேண்டியதில்லை. அவள் வாங்கிக்கொண்டாள், படித்தாள், பெங்களூரில் மருந்துக் கம்பெனி ஒன்றில் பெரிய வேலைக்குப் போனாள். பின்னாளில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். நன்றாகச் சதை போட்டு, வாய் விட்டுச் சிரித்துக்கொண்டு, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த நாற்காலி முழுக்கத் தன்னுடையது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

அந்த ஆடிக்குப் பிறகு அம்மாள் பூக்கட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதிக்கு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். ஹாஸ்டலில் வருகிறவர்களைப் பார்க்கிற அறையில், காகிதத்தில் சுற்றின மசால் வடையை என் பக்கம் தள்ளி, துன்னு துன்னு என்பார்கள். பிறகு கேட்பார்கள். கிணற்றை ஆழப்படுத்தலாமா. மாமன் வீட்டோடு பேச்சை மறுபடி வைத்துக்கொள்ளலாமா. எனக்கு இன்னாம்மா தெரியும் என்று சிரித்தால் அதற்கும் தலையை ஆட்டுவார்கள். அதுவும் ஒரு பதில். போய் அப்படியே செய்வார்கள், அல்லது செய்யாமல் விடுவார்கள். கிணறு தோண்டவில்லை. மசால் வடை எனக்கு முதலில் பிடிக்காது. எந்த மாதத்திலிருந்து பிடிக்க ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வந்தார்கள். வெயில் காலம், மலைப்பக்கமிருந்து காற்றே இல்லை. அன்றைக்கு வடை இல்லை. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பூவாடைக்காரியிடம் கேட்காமல் கல்யாணம் நிச்சயம் செய்யமாட்டார்கள். தனக்கு வாய்க்காதது வேறொருத்திக்கு வாய்க்கிறதே என்று அவள் ஏங்கினால், வருகிற மருமகளுக்கு ஆகாது என்று பயம். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அம்மாள் சொன்னார்கள்:

‘தம்பிக்கு ஆரணிப் பக்கம் பொண்ணு பார்த்துக்குது. நல்ல எடம். உனுக்கு ஆவாம அவனுக்கு ஆவுதேன்னு மனசுல ஒண்ணும் வெச்சிக்காதம்மா. நீ சரின்னாதான் தாம்பூலம்.’

நான் அவள் இல்லை அம்மா என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை லேபில், அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒரு பெண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மகன் கல்யாணத்துக்கு அவளிடம் வந்து அனுமதி கேட்கிற முகம். நான் மறுத்தால் அவர்களுக்குக் கேட்க ஆளில்லை.

‘பண்ணுங்கம்மா’ என்றேன். ‘எனக்கு ஒண்ணும் இல்ல.’

அம்மாள் என் கையை விட்டுவிட்டு எழுந்து நின்று, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

நான் பாஸ் செய்தேன். மேலே படித்தேன், பாடம் சொல்லித்தர வந்தேன். ஒரு காலேஜில் சேர்ந்தால் இன்னொன்று, ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இன்னொன்று. வேலூர், கடலூர், மறுபடி வேலூர். எங்கே போனாலும் நான் வந்து சேர்வதற்கு முன்பே யாரோ அந்த அறையில் விளக்கேற்றிவிட்டுப் போன மாதிரி இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் அது இது என்று சொல்லலாம். நைனா இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்கவும் ஆளில்லை. அம்மாளும் மண்டிக்காரரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம் தம்பி வந்தார். மண்டியை இப்போது அவர்தான் பார்க்கிறார். தலை நரைத்து, சர்க்கரை வியாதி வந்து இளைத்துப்போயிருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். பூ எடுத்த காலத்தில் என்னை வா பாப்பா, போ பாப்பா என்று கூப்பிட்டவர். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மகளுக்கு வரன் வந்திருக்கிறது, பையன் பாங்கில் வேலை, அவர்கள் சீக்கிரம் கேட்கிறார்கள் என்று நின்றபடியே சொன்னார். நான் சந்தோஷம் என்றேன். அவர் போகவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

‘அக்கா இன்னா சொல்ற?’ என்றார்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திருத்தாத விடைத்தாள்கள் படபடத்தன. பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் என்றார். என்ன பாடம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

‘மொதல்ல படிப்பை முடிக்கட்டும்’ என்றேன். ‘அதுக்கு முன்னாடி நான் ஒத்துக்கமாட்டேன்.’

நான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை நான் கேட்டேன். அது அறையைத் தாண்டிப் போகிற அளவுக்கு உரக்க இருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தது முதல் பாதியை மட்டும்தான். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. பல நாளாகத் தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்ட நிம்மதி மாதிரி ஏதோ இருந்தது. சரிக்கா, அவங்களுக்குச் சொல்லி அனுப்பிடறேன் என்றார். படியிறங்கும்போது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தவில்லை. அவர் தெருமுனை திரும்புகிறவரை அங்கேயே நின்றேன். அந்தப் பெண் இன்னும் ஒன்றரை வருஷம் படிப்பாள்.